போர் தண்ணியில கழுவுன கருப்பு கார்ல வெள்ளைப் புள்ளி

வேலூர் சத்துவாச்சாரியில போர் தண்ணியில கருப்பு காரைக் கழுவுனா வெள்ளைப் புள்ளி நிக்குது, என்ன பண்ணன்னு கேட்டிருந்தீங்க. ஷாம்பூவை மாத்தி மாத்திப் போட்டாலும் அந்தப் புள்ளி போகாதுங்க, அது அழுக்கு இல்ல, உப்பு. வெள்ளை வினிகர் பாதி, நல்ல தண்ணி பாதி கலந்து மைக்ரோஃபைபர் துணியில நனைச்சு ஒரு நிமிஷம் புள்ளி மேல வச்சு எடுங்க, தேய்க்காதீங்க, உடனே கழுவிடுங்க.

சத்துவாச்சாரி போர் தண்ணின்னு சொன்னீங்களே, அதுல கால்சியம், மெக்னீசியம் ஜாஸ்தி, நம்ம ஊர் வெயில்ல பானட் சூட்டுக்குத் தண்ணி ஆவியாயி உப்பு மட்டும் ஒட்டிக்கினு நிக்கும், வெள்ளைக் கார்லயும் இதே கதைதான், கண்ணுக்குத் தெரியாது அவ்ளோதான்.

முதல்ல ஒரே ஒரு புள்ளியில டெஸ்ட் பண்ணுங்க. போச்சுன்னா மேலாப்புல இருக்கிற உப்பு. ரெண்டு தடவை செஞ்சும் வளையம் தெரிஞ்சா பெயிண்ட் மேல இருக்கிற பளபளப்பான பூச்சை (கிளியர் கோட்) உப்பு அரிச்சிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு பாலிஷ்தான்.

இனிமே காலைல 7 மணிக்குள்ள நிழல்ல கழுவுங்க, ஒவ்வொரு பக்கமா கழுவி காயறதுக்கு முன்னாடியே துடைச்சிடுங்க. நான் ஏசியில சொட்டுற தண்ணிய பக்கெட்ல புடிச்சு வச்சு கடைசியா அதுலதான் அலசுறேன், வீட்ல சிரிக்கிறாங்க, ஆனா அதுல உப்பே கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ற தண்ணிய மட்டும் எடுத்துடாதீங்க, அது போர் தண்ணிய விட மோசம்.

ஒண்ணு, வினிகர் வாக்ஸையும் எடுத்துடும், அதனால மறுபடி வாக்ஸ் போடணும். பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட்னா வினிகர், பாலிஷ் ரெண்டுமே வேணாம்.