மூன்று பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே இடத்தில் பேச: கோப்பையை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான். ஆறு கிலோமீட்டருக்குள் இன்னும் இரண்டு பள்ளிகள் உள்ளன. ஒன்று தனியார் ஆங்கிலவழிப் பள்ளி. மூன்று பள்ளியின் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளும் கூடித் தங்கள் கருத்தைப் பேச வேண்டும் என்று ஆசை. போன வருடம் பேச்சுப் போட்டி வைத்தோம். மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. எதை மாற்றலாம்?

பதில்: முதலில் கோப்பையை எடுத்து உள்ளே வையுங்கள், டீச்சர். பரிசு மேசையில் இருந்தால் பிள்ளையின் கண் நடுவர் மேல்தான் இருக்கும். அடுத்த பள்ளிப் பிள்ளை பேசுவதை யார் கேட்கப்போகிறார்கள்? தன் முறை முடிந்ததும் பாதிப் பேர் வராந்தாவில் இருப்பார்கள்.

பேச்சுக்கு 3 நிமிடம், அதன்மேல் கேள்வி பதிலுக்கு 4 நிமிடம் கொடுங்கள். கேள்வி வேறு பள்ளியிலிருந்துதான் வர வேண்டும். பள்ளிக்கு 4 பேர் என்றால் 12 பேர், 84 நிமிடம். நடுவில் டீ, சுண்டலுக்கு 20 நிமிடம். பத்தரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்குள் எழுந்துவிடலாம். மதிய மஞ்சு (மூடுபனி) இறங்குவதற்குள் பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள்.

தமிழில் 3 நிமிடம் என்பது என் கணக்கில் 250, 300 சொல்தான். ‘அவைத் தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே’ என்று ஆரம்பித்தால் அரை நிமிடம் போச்சு. ‘வணக்கம்’ போதும். முழுப் பேச்சையும் நாமே எழுதிக் கொடுக்கிறோமே, மனப்பாடத்துக்கு வேர் அதுதான். (நானும் பல வருடம் எழுதிக் கொடுத்தவன்தான்.) தபால் அட்டை அளவுத் தாளில் நாலே குறிப்பு இருக்கட்டும். முதல் வாக்கியத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். கால் நடுங்குவது பெரும்பாலும் அதுவரைதான்.

‘இயற்கையைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் பன்னிரண்டு பேரும் இயற்கை அன்னையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பிள்ளை கண்ணால் கண்டதைக் கேளுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. டாக்சி ஓட்டும் வீட்டுப் பிள்ளையும் தேயிலை பறிக்கும் வீட்டுப் பிள்ளையும் இதில் ஒரே மாதிரி பேசமாட்டார்கள். கதவை உடைத்து எண்ணெய் குடிக்க வரும் கரடியை என்ன செய்வது? உங்கள் ஊரில் இதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கும்.

ஒரு கூட்டத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கைக்குட்டையைப் பிரித்து, இரண்டு இலை ஒரு மொட்டாக ஒரு கொழுந்தைத் தூக்கிக் காட்டினாள். “மழை நாள்ல எங்க அம்மா பறிக்கிற இலைய ஈரம்னு சொல்லி எடைல கழிக்கிறாங்க.” வேறு பள்ளிப் பையன் எழுந்து, “எவ்வளவு கழிப்பாங்க?” என்றான். அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து மூன்றாவது பள்ளிப் பையன் மெதுவாகச் சொன்னான்: “எங்க அப்பாதான் எடை போடறவரு. நான் கேட்டுச் சொல்றேன்.” அதுவரை குசுகுசுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

படுகு பேசும் பிள்ளை படுகிலேயே யோசித்து, படுகிலேயே ஒத்திகை பார்க்கட்டும். மேடையிலும் அதிலேயே தொடங்கலாம். பிறகு தானோ தோழியோ தமிழில் சொன்னால் போதும். ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் இதே விதிதான். உச்சரிப்பைச் சபையில் திருத்தும் ஆசிரியர் ஒருவர் எங்கும் இருப்பார். முந்தின நாளே அவரிடம் பேசிவிடுங்கள். பள்ளி பள்ளியாக உட்கார வைக்காமல் கலந்து உட்கார வையுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, கோத்தகிரி தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்குப் பருவமழை கூடலூர் அளவுக்கு உங்களை வாட்டாது. உங்களுக்கு ஆபத்து வடகிழக்குப் பருவமழைதான். 2009 நவம்பர் மண்சரிவுகளை ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மார்ச்சில் தேர்வு வந்துவிடும். பிப்ரவரி முதல் இரண்டு வாரம் சரியாக இருக்கும்.

தகரக் கூரை போட்ட ஹாலை மட்டும் தொடாதீர்கள். ஒரு பள்ளியில் நான் நடத்தியபோது திடீரென்று மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போனது. மைக் இல்லாமல் அந்தச் சத்தத்தில் ஒரு சிறுமி கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஓடு போட்ட பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போடுங்கள். ஐம்பது பேர் வரை மைக்கே வேண்டாம்.

மூன்று தலைமையாசிரியர்களின் ஒப்புதல், பெற்றோர் சம்மதக் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு தகவல்: இவை வழக்கம்போல.

போட்டி இல்லை என்றதும் உங்கள் தலைமையாசிரியர் “அப்போ சிறப்பு விருந்தினர் யாரு?” என்று கேட்பார். யாரையாவது அழைத்துக்கொள்ளட்டும். அவருக்கும் 3 நிமிடம்தான், பிள்ளைகள் அவரையும் கேள்வி கேட்பார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.