போதகர் மேல் ஒரு பிராது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். பல வருடங்களாக உங்களைப் படித்து வருகிறேன். எங்கள் சபைக் கமிட்டியில் நான் செயலாளர். மூன்று வாரத்துக்கு முன் எங்கள் சண்டே ஸ்கூலில் கற்பிக்கும் ஒரு சகோதரி, வயது 26, பாஸ்டர் மேல் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தார். ஆலோசனைக்கென்று தனியாக வரச்சொல்லித் தவறாக நடந்துகொண்டார், அதற்குப் பிறகு நள்ளிரவில் செய்திகள் அனுப்பினார் என்பது புகார். பாஸ்டர் மறுக்கிறார். 18 வருடமாக இந்தச் சபையை நடத்துகிறவர். என் மகளின் கல்யாணத்தை நடத்தியவர், என் அப்பாவை அடக்கம் பண்ணியவர்.

விஷயம் வெளியே போகாமல் நமக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் பலர் சொல்கிறார்கள். விசாரிக்க மூன்று பேரை பாஸ்டரே நியமித்திருக்கிறார். அந்தச் சகோதரியை மனசு ஆறும்வரை வகுப்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பாஸ்டர் வழக்கம்போல் பிரசங்கிக்கிறார்.

எனக்குத் தூக்கம் வருவதில்லை. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர் மேல் பிராதை ஏற்கக்கூடாது என்று வேதம் சொல்கிறது. அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. புகார் பொய்யாக இருந்தால் ஒரு நல்ல மனிதரின் ஊழியமே அழிந்துபோகும். உண்மை தெரியும்வரை எந்தப் பக்கமும் சாயாமல் மௌனமாக இருப்பதுதானே நியாயம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரருக்கு,

சபையை அடையாளம் காட்டக்கூடிய வரிகளை எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கமிட்டியில் ஒருவருக்காவது தூக்கம் வராமல் இருக்கிறதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

எந்தப் பக்கமும் சாயவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவர் வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார். புகாருக்கு ஆளானவர் பிரசங்க பீடத்தில் நிற்கிறார். விசாரிக்கப்பட வேண்டியவரே விசாரிப்பவர்களை நியமித்திருக்கிறார். டீச்சர் ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? இந்த மூன்று வாரத்தில் உங்கள் சபை தீர்ப்பை எழுதிவிட்டது. வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் வசனம் 1 தீமோத்தேயு 5:19. பெரும்பாலும் அந்த ஒரு வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறோம். அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. அதற்கடுத்தது, பட்சபாதம் இல்லாமலும் ‘விசாரிக்குமுன் நிருணயம்பண்ணாமலும்’ நடக்கும்படி தேவனுக்கும் தூதருக்கும் முன்பாகக் கட்டளையிடுகிறது. விசாரிப்பதற்கு முன்னால் ஒருவரைக் குற்றவாளி என்பது எப்படித் தப்போ, அப்படியே அவர் நிரபராதி என்று வைத்துக்கொண்டு காரியம் பார்ப்பதும் தப்பு. அந்த நிருபத்தை எழுதிய பவுல் இரண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதினார் என்று நான் நம்புகிறேன்.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பூட்டிய அறையில் நடந்ததற்கு இரண்டாவது சாட்சி எங்கிருந்து வருவார்? இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்ற சட்டம் உபாகமம் 19-இல் இருக்கிறது. அதே உபாகமத்தில் 22-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். வயல்வெளியில் பலவந்தம் செய்யப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசும்போது, அவள் கூப்பிட்டிருப்பாள், காப்பாற்ற ஆள் இல்லை என்று சட்டமே அவள் பக்கம் நின்று பேசுகிறது. பார்த்த சாட்சி எங்கே என்று அவளைக் கேட்கவில்லை. அப்புறம், உங்கள் விஷயத்தில் சாட்சி இல்லை என்று யார் சொன்னது? நள்ளிரவில் வந்த செய்திகள் சாட்சி. அந்தச் சகோதரி அந்த நாட்களில் யாரிடமாவது அழுதிருந்தால் அந்த ஆள் சாட்சி. இதற்கு முன் வேறு யாராவது காரணம் சொல்லாமல் சபையை விட்டுப் போயிருந்தால், அவர்களையும் கேட்க வேண்டும். தேடாமலே சாட்சி இல்லை என்று சொல்லக்கூடாது.

அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்பது 105-ஆம் சங்கீதம். அங்கே யாரைப் பற்றிப் பேசுகிறது? எண்ணிக்கையில் கொஞ்சமாக, பரதேசிகளாக, ஜாதி ஜாதியாக அலைந்து திரிந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றி. அவர்களை யாரும் ஒடுக்க விடாமல் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று வருகிறது. பலம் இல்லாதவர்களைப் பலசாலிகளிடமிருந்து காப்பாற்றிய வசனம் அது. உங்கள் சபையில் பலம் இல்லாதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஏறக்குறைய 20 வருடத்துக்கு முன் ஒரு சபையில் இப்படி ஒரு விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். குறிப்பெடுப்பது என் வேலை. நீளமான மேஜை, ஒரு பக்கம் நாங்கள் ஏழு ஆண்கள், எதிரே அந்தப் பெண் தனியாக. கூட வந்த அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டோம். ஆரம்ப ஜெபத்தில் ஒரு மூப்பர், ஊழியத்துக்கு விரோதமான சத்துருவின் தந்திரங்களை முறியடியும் ஆண்டவரே என்று ஜெபித்தார். அந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். நாலாக மடித்திருந்த அந்தத் தாளை மேஜையில் வைத்து, மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். முதல் கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “இதை வேற யார்கிட்டல்லாம் சொல்லியிருக்கீங்க?” என்ன நடந்தது என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

நான் எழுதிய குறிப்பில் ‘தவறான புரிதல், இரு தரப்பும் ஜெபித்துச் சமாதானமானார்கள்’ என்று இருக்கிறது. அந்தப் பெண் ஜெபிக்கவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்தில் இன்னும் இரண்டு பேர் அதே போதகர் மேல் அதே புகாரோடு வந்தார்கள். அவர் வேறொரு சபைக்கு மாறிப் போனார். நல்லவர், வல்லவர் என்று பரிந்துரைக் கடிதம் கொடுத்துத்தான் அனுப்பினோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அந்தப் புதிய சபையில் இருந்த பெண்களுக்கு நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளைப் பற்றி 2022-இல் வந்த விசாரணை அறிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பாதிக்கப்பட்டவர்களிடம் சொல்லி வந்த தலைமையகம், புகாருக்கு ஆளான 700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலை உள்ளேயே வைத்திருந்தது.

18 வருட ஊழியம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் அடக்க ஆராதனையில் அவர் தந்த ஆறுதல் உண்மையானது, அதை யாரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதை வைத்து இந்தப் புகாரை எடைபோட முடியாது. சென்னையில் பிறந்து, உலகம் முழுக்கக் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிய ரவி சகரியாஸை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2017-இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர் மேல் குற்றம் சாட்டியபோது, அவர் அந்தப் பெண் மேலேயே வழக்குப் போட்டார். வெளியே பேசக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. அவருடைய நிறுவனம் அவரைத்தான் நம்பியது. 2020 மே மாதம் அவர் இறந்த பிறகு வேறு பெண்களின் குற்றச்சாட்டுகள் வெளியே வந்தன. நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து, 2021 பிப்ரவரியில் அவை உண்மை என்று அறிக்கை கொடுத்தது. நிர்வாகக் குழு அந்தக் கனடாப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது. நடுவில் அவர் பொய்க்காரி என்ற பெயரோடு மூன்று வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அவரைப் பேச்சால் பலர் காயப்படுத்தினார்கள், எல்லாரும் விசுவாசிகள்.

சரி, புகார் பொய்யாக இருந்தால்? நியாயமான கேள்வி. நடந்திருக்கிறது. சிக்காகோவின் கத்தோலிக்கக் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் மேல் 1993 நவம்பரில் ஒரு முன்னாள் குருமட மாணவர் பாலியல் குற்றம் சாட்டினார். குருக்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்க, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு குழுவை அதற்கு முந்தைய வருடம்தான் பெர்னார்டின் அமைத்திருந்தார். தன் மேல் வந்த புகாரையும் அதே குழுவிடம் ஒப்படைத்தார். பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். குற்றம் சாட்டியவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. நாலு மாதத்துக்குள், என் ஞாபகங்களை என்னாலேயே நம்ப முடியவில்லை என்று அந்த மாணவர் வழக்கைத் திரும்பப் பெற்றார். 1994 டிசம்பரில் பெர்னார்டின் தானாகப் போய் அவரைச் சந்தித்து ஒப்புரவானார். அவர் பெயரைக் காப்பாற்றியதில் அந்த வெளிப்படையான விசாரணைக்கும் பங்கு உண்டு. உங்கள் பாஸ்டர் நிரபராதி என்றால் அவருக்கும் அது கிடைக்க வேண்டும். அவரே நியமித்த மூன்று பேர் நாளை அவரை நிரபராதி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தச் சந்தேகம் அவர் கல்லறை வரைக்கும் கூட வரும். அவர் மேல் அன்பு இருக்கிறவர்கள்தான் முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே அந்த மூன்று பேர் குழுவைக் கலைக்கச் சொல்லுங்கள். பாஸ்டருக்குச் சொந்தமோ நட்போ இல்லாத, உங்கள் சபையைச் சேராத ஆட்கள் விசாரிக்கட்டும். அதில் பெண்கள் இருக்க வேண்டும், இப்படிப்பட்ட புகார்களைக் கையாண்டு பழகியவர் ஒருவராவது இருக்க வேண்டும். அதுவரை பாஸ்டர் சம்பளத்தோடு விடுப்பில் இருக்கட்டும், இது தண்டனை கிடையாது என்று சபைக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். அந்தச் சகோதரியின் பெயரை வெளியே விடக்கூடாது, ஆனால் ஒரு புகார் வந்திருக்கிறது, விசாரிக்கிறோம் என்பதைச் சபை உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டும். அவர் காவல்துறைக்குப் போக நினைத்தால் யாரும் தடுக்கக் கூடாது, ‘சபையின் பெயர்’ என்ற வார்த்தையை அவரிடம் யாரும் எடுக்கவும் கூடாது. (குழந்தை சம்பந்தப்பட்டதாக இருந்திருந்தால் கமிட்டி கூடுவதற்கு முன்பே காவல்துறைக்குப் போயிருக்க வேண்டும்.) அவரை வகுப்புக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கமிட்டியில் யாராவது எழுந்து அதைச் சொல்லத்தான் போகிறார்கள். ஏலி ஆசாரியன் தன் மகன்கள் ஆசரிப்புக் கூடார வாசலில் இருந்த பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தைக் கேள்விப்பட்டான். கூப்பிட்டுப் புத்தியும் சொன்னான். ஆனால் ஆசாரிய ஊழியத்திலிருந்து அவர்களை இறக்கவில்லை. அவர்களை அடக்காமற்போனான் என்றுதான் கர்த்தர் அவன் மேல் குற்றம் சாட்டினார். மன்னிப்பது அந்தச் சகோதரியின் மனசுக்கு உட்பட்டது, அதற்கு நாம் நாள் குறிக்க முடியாது. பிரசங்க பீடத்தில் யார் நிற்பது என்பது கமிட்டியின் பொறுப்பு.

நாளைக்கே ஒன்று செய்யுங்கள். உங்கள் புகார் இந்தத் தேதியில் எங்களுக்குக் கிடைத்தது என்று செயலாளர் கையெழுத்தோடு அவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று வாரமாகியும் அது அவர் கைக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். அந்த நாலு பக்கத் தாளை வாங்கிக்கொண்டபோது நாங்கள் கொடுக்கவில்லை.