மாடித் தோட்டத்தில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய் அடித்தும் திரும்ப வருகிறதே, என்ன செய்வது?

செம்பருத்தியிலும் கத்தரியிலும் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி, இரண்டு முறை வேப்பெண்ணெய் தெளித்தும் பத்தே நாளில் திரும்பிவிடுகிறது, ரசாயன மருந்து இல்லாமல் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தச் செடிகளில் எறும்பு ஏறுகிறதா? நிச்சயம் ஏறும். மாவுப்பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. குடித்துவிட்டுச் சும்மா போவதும் இல்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளைக் கடித்து விரட்டும், குஞ்சுகளைப் பக்கத்துச் செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். நாம் மாடு வளர்ப்பது மாதிரிதான். மாட்டுக்காரனை விட்டுவிட்டு மாட்டை மட்டும் விரட்டினால் மறுபடி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் நாற்பது தொட்டி இருக்கிறது. முதல் கோடையில் வேப்பெண்ணெயைத் தண்ணீரில் அப்படியே ஊற்றிக் குலுக்கி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அடித்தேன். எண்ணெய் தனியாக மிதந்தது. முதலில் வெறும் தண்ணீர் தெளித்தது, கடைசியில் சுத்த எண்ணெய் வந்தது. சாயங்காலம் பார்த்தால் கத்தரி இலையெல்லாம் கருகிக் கிடந்தது, மாவுப்பூச்சி சௌக்கியமாக இருந்தது.

அதனால் முதல் வேலை எறும்பு. அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் பலகார அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அதே வேலைதான். தொட்டிகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, கால்களுக்குக் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றாவிட்டால் டெங்கு கொசு வளர்ந்துவிடும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் காலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவிவிடுங்கள். ஒரு கிளை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் எறும்புக்கு அது பாலம், எனவே அதை வெட்டிவிடுங்கள். தொட்டி மண்ணுக்குள்ளேயே புற்று இருந்தால் இதெல்லாம் வீண். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்தால் எறும்பு மூட்டை முடிச்சோடு வெளியே வந்துவிடும்.

அடுத்து தண்ணீர். ஹோஸ் பைப் முனையை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கத்திலும் கணுக்களிலும் வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிப் பூச்சி அதிலேயே போய்விடும். ரொம்ப மோசமான நுனிகளை வெட்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் அங்கிருந்து நடந்தே வரும்.

அப்புறம்தான் எண்ணெய். காதி சோப்பை வெந்நீரில் கரைத்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு, பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்துக் கலக்கி, பிறகு 1 லிட்டராக்குங்கள். பூச்சியின் மேலிருக்கும் மெழுகு, வெறும் தண்ணீரை ஒட்டவிடாது. அதை இளக்குவது சோப்புதான். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை பொசுங்கும். முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள். வெயிலில் வேம்பின் சத்து சீக்கிரம் சிதைந்துவிடும், எனவே மாலை ஐந்து மணிக்கு மேல் தெளியுங்கள். முட்டைகள் பஞ்சுப் பொதிக்குள் பத்திரமாக இருப்பதால் ஒரு முறையில் முடியாது. வாரம் ஒன்றாக மூன்று முறை. உங்களுக்குப் பத்து நாளில் திரும்பி வந்தது பெரும்பாலும் இந்த முட்டைகளில் பொரித்த குஞ்சுகளாகத்தான் இருக்கும்.

கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றுகிறீர்களா? நான் ஊற்றினேன். செடி தளதளவென்று வளர்ந்தது, அந்த இளந்தளிர்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து. இப்போது மாதம் ஒரு முறைதான்.

புகையிலைக் கஷாயம் அடிக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். அதில் இருப்பது நிகோடின், நல்ல பூச்சி கெட்ட பூச்சி பார்க்காத விஷம். சமையலுக்குப் பறிக்கிற கத்தரியில் நான் அடிக்க மாட்டேன். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அசுவினிக்குக் கொஞ்சம் கேட்கிறது, மாவுப்பூச்சிக்கு எனக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தப் பாடம் பெரிய விலையில் கிடைத்தது. 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டது. மருந்து மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த, கடுகை விடச் சின்னதான ஒட்டுண்ணிக் குளவிகளை வயல்களில் விட்ட பிறகுதான் அடங்கியது. அசிரோஃபேகஸ் என்று பெயர். மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து செத்திருக்கும்.

மாடியிலும் இப்படி ஆட்கள் வருவார்கள், எறும்பு விட்டால். முக்கியமான ஆள் ஆஸ்திரேலியப் பொறிவண்டு. 1898இல் காப்பித் தோட்டப் பூச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, மாவுப்பூச்சி என்றால் அதற்கு உயிர். கறுப்பு உடம்பு, செம்பழுப்புத் தலை. சிக்கல் என்னவென்றால் அதன் புழுவும் மேலெல்லாம் வெள்ளை மெழுகு நூலோடு, பெரிய சைஸ் மாவுப்பூச்சி போலவே இருக்கும். முதல் வருடம் அவற்றைத்தான் நான் பழைய பல் பிரஷால் பொறுமையாகத் தேய்த்துக் கொன்றுகொண்டிருந்தேன்.

அதனால் நாளைக்கு எதையும் தெளிக்கும் முன்பு, பெரிதாகத் தெரியும் வெள்ளைப் பூச்சியை ஒரு ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி என்றால் இருந்த இடத்தில் சோம்பிக் கிடக்கும், அல்லது மெதுவாக நகரும். விறுவிறுவென்று நடையைக் கட்டினால் அது வண்டுப் புழு. அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள்.