கிக்பாக்ஸிங்கில் முதல் ஸ்பாரிங்: எந்த கிளவுஸ் வாங்குவது, அடிபடாமல் எப்படி ஆடுவது?

கேட்டவர் 68 கிலோ. இரண்டு மாதமாகக் கிளாஸுக்குப் போகிறார். அடுத்த மாதம் ஸ்பாரிங் (இன்னொருவரோடு நேருக்கு நேர் ஆடிப் பழகும் பயிற்சி) என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஆன்லைனில் ஒரு 10 அவுன்ஸ் கிளவுஸ் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, முதல் நாளே மூக்கு உடையாமல் தப்பிப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

10 வேண்டாம், 16 வாங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

இதே 10 அவுன்ஸை நானும் வாங்கியிருக்கிறேன். காட்பாடியில் ஒரு மொட்டை மாடியில் நடந்த கிளாஸில் சேர்ந்த மூன்றாவது மாதம், 700 ரூபாய்க்கு ஒரு சிவப்பு ஜோடி. கையில் மாட்டினால் சின்னதாக, கச்சிதமாக இருந்தது. வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வரவில்லை. நானும் என்னைவிட ஒரு வயது சின்னவனான இன்னொரு பையனும் ‘லைட்டா போடலாம்டா’ என்று ஆரம்பித்தோம். முதல் ரவுண்டு லைட்டாகத்தான் போனது. அப்புறம் அவன் என் காலில் ஒரு லோ கிக்கைக் கொஞ்சம் அழுத்தி வைத்தான். நான் ஒரு ஜாபை, அதாவது முன் கையால் நேராக விடும் குத்தை, கொஞ்சம் அழுத்தி வைத்தேன். அவன் இன்னும் கொஞ்சம். சூடு ஏறுவது இப்படித்தான். யாரும் முடிவு செய்து ஏற்றுவதில்லை. இரண்டாவது ரவுண்டில் என் வலது கை அவன் கன்னத்தில் இறங்கியபோது, கிளவுஸைத் தாண்டி அவன் கன்ன எலும்பு என் விரல் முட்டியில் தட்டுப்பட்டது. அவனுக்கு என் முட்டி எப்படிப் பட்டிருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

சாயங்காலம் அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். இடது கண் மூடிப்போயிருந்தது. “இன்னாப்பா விளையாட்டு இது? மூஞ்சி எப்டி கீது பாரு.” நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில் வேலையில் இருந்தவர். அவர்கள் போனதும் கிளவுஸை எடுத்து முதலில் முகர்ந்து பார்த்தார். மணிக்கட்டுப் பக்கம் தையல் பிரிந்திருந்த இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். “தோலே இல்லடா இது. ரெக்சினு. உள்ள வெறும் ஸ்பாஞ்சு போட்டுக்கீறான்.” ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் பக்கத்திலேயே இருக்க, பையன் ரெக்சின் வாங்கி வந்தானே என்பதுதான் அவருக்கு அந்தக் கண்ணைவிடப் பெரிய வருத்தம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனை: வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும், ரெக்சின் என்றால் அடியில் துணி தெரியும். ஆனால் ஒன்று, அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்: ஸ்பாரிங்குக்கு மேல் உறை முக்கியமே இல்லை. நல்ல செயற்கைத் தோல் தாராளமாகப் போதும், உழைப்பது மட்டும் கொஞ்சம் குறையும். முக்கியம் உள்ளே இருக்கும் ஃபோம். கட்டை விரலால் முட்டிப் பகுதியில் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் உங்கள் கை சுலபமாகத் தட்டுப்பட்டால் அது தொங்கவிட்ட பேக்கைக் குத்துவதற்குக்கூடச் சுமார்தான், அடுத்தவர் முகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

இப்போது அவுன்ஸ் கணக்கு. அது கையின் சைஸ் இல்லை, ஒரு கிளவுஸின் எடை. 10 அவுன்ஸ் ஏறக்குறைய 283 கிராம், 16 அவுன்ஸ் 454 கிராம். கூடுதலாக வரும் எடையில் பெரும்பகுதி ஃபோம். பேக், மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடு அடிக்க 10 அல்லது 12 போதும். ஸ்பாரிங்குக்குப் பெரியவர்கள் என்றால் 16, ஒல்லியாக 60 கிலோவுக்குள் இருப்பவர்கள் 14 என்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். உங்கள் மாஸ்டர் எல்லோருக்கும் 16 என்றால் 16தான், அதில் பேரம் பேசாதீர்கள். போட்டியில் 10 அவுன்ஸ் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அது போட்டி. அங்கே நடுவர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், எதிராளியும் அதற்கென்று தயாராகி வந்திருக்கிறார். நீங்கள் அடிக்கப்போவது நாளைக்கும் உங்களோடு பயிற்சிக்கு வரவேண்டிய ஒருவரை.

மலிவு கிளவுஸில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். நான் இரண்டாவதாக வாங்கிய ‘16’-ஐத் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். அண்ணாச்சி துவரம் பருப்பை இறக்கிவிட்டு இடம் கொடுத்தார். 385 கிராம் காட்டியது. அது 14-க்கே கொஞ்சம் குறைவு. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அளவு பார்க்கும்போது ஹேண்ட் ராப் (கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப் பட்டை) சுற்றிய கையோடு போட்டுப் பாருங்கள். வெறும் கையில் பொருந்துவது ராப்போடு நுழையாது. விரல் நுனி முனையை லேசாகத் தொட வேண்டும், சிரமமில்லாமல் முஷ்டி மூட வேண்டும். ராப் 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் இருப்பதை வாங்குங்கள். சின்னது மணிக்கட்டுக்கே சரியாகப் போய்விடும், முட்டிக்கு மிஞ்சாது. கட்டை விரல் உள்பக்கமாகத் தைத்து இணைத்த கிளவுஸாக இருக்கட்டும், எதிராளி கண்ணில் விரல் போகாது, உங்கள் விரலும் பிசகாது. லேஸ் வைத்தது வேண்டாம், கட்டிவிட ஆள் தேட வேண்டும். வெல்க்ரோ போதும், ஆனால் அதன் நுனி பிரிந்து நின்றால் முகத்தைக் கீறும் என்பதால் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பேக் அடிக்கிற கிளவுஸையே ஸ்பாரிங்குக்கும் எடுத்துவராதீர்கள். பேக் அடித்து அடித்து ஃபோம் அமுங்கிப் பலகை மாதிரி ஆகிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு ஜோடிக்குப் பணம் இல்லையென்றால் பேக்குக்குக் கிளாஸில் கிடக்கும் பழையதை மாட்டிக்கொண்டு, சொந்தக் காசில் 16 வாங்குங்கள்.

முன்னங்காலுக்கு ஷின் கார்டு, பல்லுக்கு மவுத் கார்டு, தொடையிடுக்குக்குக் குரோயின் கார்டு மூன்றும் இல்லாமல் உள்ளே இறங்கவே வேண்டாம். ஷின் கார்டில் சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டுவது பாதியில் சுழன்றுவிடும், பின்பக்கம் ஸ்ட்ராப் போட்டு, பாதத்தின் மேல்புறத்தையும் மூடுவதாகப் பாருங்கள். அப்படி மூடியிருந்தாலும் பாதத்தால் உதைக்காமல் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பால் உதைத்துப் பழகுங்கள். எதிராளியின் முழங்கையில் பாதம் மோதினால் ஒரு வாரம் நொண்ட வேண்டியதுதான்.

ஹெட் கார்டைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அது வெட்டுக்காயத்தையும் தலையோடு தலை மோதுவதையும் குறைக்கும். ஆனால் அடி விழும்போது மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதால் நிறுத்த முடியாது. அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-லேயே உயர்மட்ட ஆண்கள் போட்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் மோதினார்கள். புதிதாக ஆரம்பிப்பவர் போடட்டும், தப்பில்லை. போட்டிருக்கிறோமே என்று கொஞ்சம் பலமாக வாங்கிக்கொள்ளத் துணிவதுதான் ஆபத்து.

முதல் ஸ்பாரிங் யாரோடு என்பது கிளவுஸைவிடப் பெரிய விஷயம். இன்னொரு புதியவரோடு வேண்டாம். இருவருக்குமே கை எங்கே நிற்கும் என்று தெரியாது. சீனியர் ஒருவரோடு, மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு நிமிஷ ரவுண்டு இரண்டோ மூன்றோ போதும். அதையும் சுருக்கிக்கொள்ளலாம்: ஒரு ரவுண்டு நீங்கள் ஜாப் மட்டும், அவர் தடுப்பது மட்டும். அடுத்தது மாற்றி. அப்புறம் உடம்புக்கு மட்டும் குத்து, காலுக்கு மட்டும் உதை. வேகம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், பலம் மட்டும் கால்வாசி. இது சொல்ல எளிது. சத்துவாச்சாரி பக்கம் எடை தூக்குகிறவர்கள் அதிகம், 2014-லும் 2018-லும் காமன்வெல்த்தில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் அல்லவா. அந்தப் பக்கத்துப் பளுதூக்கும் ஆள் ஒருவர் எங்கள் கிளாஸில் சேர்ந்தார். குணத்தில் தங்கமானவர். ஆனால் பலம் என்றால் அவருக்கு முழுசு அல்லது ஒன்றுமில்லை, நடுவில் கியரே கிடையாது. மாஸ்டர் அவரை ஒரு மாதம் ஸ்பாரிங்கில் விடாமல், தொங்கவிட்ட துண்டு ஒன்றை அது ஆடாதபடி வேகமாகத் தொட்டுவிட்டுக் கையை எடுக்கப் பழக்கினார். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், வெட்கமாக இருக்கும், பயன் இருக்கும்.

பலமாக ஒன்று வாங்கினால் கிளவுஸை உயர்த்தி ‘மெதுவா’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மவுத் கார்டோடு அது ‘எதுஆ’ என்றுதான் வரும், அவருக்குப் புரியும். அடி வரும்போது கண்ணை மூடுவதும் முகத்தைத் திருப்புவதும் இயல்பு, ஆனால் திருப்பினால் காதுப்பக்கம் வாங்குவீர்கள். மோவாயை இறக்கி, இரண்டு கையையும் முகத்துக்கு முன் ஏற்றி, எதிராளி நெஞ்சைப் பாருங்கள். கண்ணாடி போடுபவர் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தலையில் அடி பட்டபின் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, சற்று முன் நடந்தது ஞாபகம் வராமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அதோடு முடிந்தது. ‘பரவாயில்லை மாஸ்டர்’ என்று திரும்ப ஏறக்கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் இல்லை. நினைவு தப்பினாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள், தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

வேலூரைச் சும்மாவா வெயிலூர் என்கிறோம். ஏப்ரல், மே மாதத்தில் மூன்று ரவுண்டு போட்டால் கிளவுஸைப் பிழியலாம். அதற்காக வெயிலில் காயவைக்காதீர்கள், தோலோ செயற்கையோ வெடித்துவிடும். உள்ளே பழைய தினத்தந்தியைச் சுருட்டித் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். ராப்பை ஒவ்வொரு நாளும் துவையுங்கள். பொதுக் கிளவுஸை ராப் இல்லாமல் போட்டால் படர்தாமரை இலவசம்.

மவுத் கார்டை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் வகை போதும். முதல் தடவை எல்லோருக்கும் குமட்டும், அதனால் ஸ்கிப்பிங்கின்போதே போட்டு மூக்கால் மூச்சு விட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.