கேள்வி – பதில்: மேகத்துக்காகக் காத்திருந்த கேமரா

கே: 1927-இல் வந்த, முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றிய ‘விங்ஸ்’ மௌனப் படத்தில், பறக்கும் நடிகர்களின் முகம் அத்தனை அருகில் தெரிகிறதே. ஸ்டூடியோவில் எடுத்து ஒட்டியதா?

ப: இல்லை. டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ பக்கம், நிஜமாகவே வானத்தில் எடுத்தவை. கையால் சுற்றும் கேமராவோடு ஓர் ஆள் உட்கார அங்கே இடம் ஏது? மோட்டாரில் ஓடும் கேமராவை நடிகரின் முகத்தைப் பார்த்தபடி விமானத்தில் பூட்டினார்கள். உயரே போனதும் சுவிட்சைப் போடுவது, நடிப்பது, அணைப்பது எல்லாம் நடிகர் பொறுப்பு. முக்கிய நடிகர்கள் இருவரில் ரிச்சர்ட் ஆர்லனுக்கு முன்பே விமானம் ஓட்டத் தெரியும். சார்லஸ் ராஜர்ஸ் இந்தப் படத்துக்காகவே கற்றார்.

கே: படப்பிடிப்பு இழுத்தடித்ததற்கு இயக்குநரின் பிடிவாதம்தான் காரணமாமே?

ப: பிடிவாதம்தான், ஆனால் நியாயமான பிடிவாதம். வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் பிரான்சில் போர்விமானம் ஓட்டியவர். வெறும் வானத்தில் பறக்கும் விமானம் திரையில் அசையாமல் தொங்குவதுபோல் இருக்கும். பின்னால் மேகம் இருந்தால்தான் வேகமும் தூரமும் பிடிபடும். அதனால் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த நாட்களில் குழு சும்மா காத்திருந்தது. படத்தைத் தயாரித்த பாராமவுண்ட் நிறுவனம் பல்லைக் கடித்ததில் வியப்பில்லை.

மேகம் வந்தால் மட்டும் போதாது, ஃபிலிமிலும் பதிய வேண்டும். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் தூக்கலாகப் பதியும். நீல வானமும் வெண்மேகமும் ஒரே வெளுப்பாகிவிடும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானம் சாம்பல் நிறத்துக்கு இறங்கி மேகம் தனித்துத் தெரியும். சிவப்பு ஃபில்டரில் வானம் இன்னும் கறுக்கும். அதற்குச் சிவப்பும் பதியும் பான்குரோமாட்டிக் ஃபிலிம்தான் சரிப்படும்.

கே: முதல் ஆஸ்கர் இதற்குத்தானா?

ப: ஆமாம், 1929 மே 16 விழாவில். சிறந்த படத்துக்கான பிரிவின் அன்றைய பெயர் ‘தலைசிறந்த படம்’. சிறப்புக் காட்சி நுட்பங்களுக்கான ‘இன்ஜினியரிங் எஃபெக்ட்ஸ்’ விருதும் அவற்றைச் செய்த ராய் பாமராய் மூலம் இதற்கே போனது.

கே: விபத்துக் காட்சிகளில் யாருக்கும் அடிபடவில்லையா?

ப: ராணுவ விமானி ஒருவர் இறந்தார். ஸ்டண்ட் விமானி டிக் கிரேஸ் வேண்டுமென்றே தரையில் மோதிய ஒரு விமானம் கணக்குப் போட்டபடி நொறுங்கவில்லை. அவர் கழுத்து முறிந்தது. இப்படி மோதவிடும் விமானத்தில் எந்தப் பாகம் முதலில் உடைய வேண்டும் என்பதுதான் உயிர்நாடி. அது உடையாவிட்டால் அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவர் உடம்பில் இறங்கும்.

கே: கறுப்பு வெள்ளைப் படத்தில் தீ மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதே?

ப: ஹான்ட்ஷீகல் முறை. தீ வரும் இடத்தில் மட்டும் சாயம் ஏறும்படி ஓர் அச்சுப் பிரதி செய்து, திரையிடும் பிரதியோடு அழுத்திச் சாயத்தை மாற்றுவார்கள். இரண்டும் இம்மியளவு விலகினாலும் நிறம் சுவாலையை விட்டு வெளியே வழியும். 2012-இல் பாராமவுண்ட் சீரமைத்த பதிப்பில் இந்த நிறத்தை டிஜிட்டலில் மீட்டிருக்கிறார்கள். பார்ப்பதானால் அதையே பாருங்கள்.