எங்கள் தெருவில் புதர் மண்டிக் கிடக்கும் காலிமனை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

யாரிடம் கேட்டாலும் "ஆன்லைன்ல பட்டா எடுத்துப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்பார்கள். எடுத்துப் பார்த்தேன். அஞ்சு நிமிஷம்தான் ஆனது. வந்த பெயரோ, எங்கள் தெரு நெல் வயலாக இருந்த காலத்து விவசாயியுடையது. உண்மையான ஆளைப் பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

எங்கள் வீடு சென்னையின் தெற்குப் புறநகரில், 90-களில் போட்ட லேஅவுட்டில் இருக்கிறது. கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு கிரவுண்டு காலிமனை. சீமைக்கருவேலம் மாடி ஜன்னல் உயரத்துக்கு நின்றது. ஐப்பசியில் தேங்குகிற தண்ணீர் தை பிறந்தும் வடியாது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யாரோ வண்டியில் வந்து கோழிக்கழிவு மூட்டையை வீசிவிட்டுப் போவார்கள். விடிந்தால் நாய்கள் அதைக் கிழித்து எங்கள் கேட் வரைக்கும் இழுத்து வந்திருக்கும். இதையெல்லாம் சகித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் துவைக்கிற கல்லுக்கு அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடப்பதை என் மாமியார் பார்த்தார். அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் எடுக்க வேண்டியது உங்கள் சொந்தப் பத்திரம். சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும். என்னுடையதில் "கிழக்கில்: மனை எண் 15" என்று இருந்தது. அதாவது பக்கத்து மனையின் எண் இத்தனை வருஷமாக எங்கள் பீரோவிலேயே இருந்திருக்கிறது. மனை உங்கள் வீட்டை ஒட்டி இல்லையென்றால், அதை ஒட்டிய வீட்டுக்காரரின் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயே சர்வே எண்ணும் கிடைத்துவிடும்.

அடுத்து, வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (அதாவது சர்வே எண்), உட்பிரிவு கொடுத்தால், போனுக்கு ஓடிபி வந்து, பட்டா விவரம் இலவசமாகத் தெரியும். நகர நில அளவை முடிந்த இடமென்றால் வார்டு, பிளாக் கேட்கும். மாவட்டத்தில் குழம்பாதீர்கள். என் பத்திரத்தில் "செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்" என்று இருக்கிறது. 1997-ல் அதைப் பிரித்தபோது எங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது. 2019-லிருந்து செங்கல்பட்டு மாவட்டம். வட்டமும் இப்படி மாறியிருக்கலாம்.

பட்டாவில் பழைய பெயரே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மனை வாங்கியவர்களில் பலர் பத்திரம் பதிந்ததோடு சரி, உட்பிரிவு செய்து தங்கள் பெயருக்குப் பட்டா மாற்றுவதில்லை. அதே தளத்தில், நிலம் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள். புறம்போக்கு என்று இருந்தால் தனியார் யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை.

பட்டாவில் முட்டி நின்றால் வில்லங்கம் போட வேண்டும், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை எடுக்க வேண்டும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். நான் 1975-லிருந்து போட்டேன். ஒரே சர்வே எண்ணில் மொத்த லேஅவுட்டும் இருந்ததால் எண்பது பதிவுகளுக்கு மேல் வந்து கொட்டின. ஒவ்வொன்றாக மனை எண்ணையும் எல்லையையும் பார்த்து ஒதுக்க வேண்டியிருந்தது. "மேற்கில் மனை எண் 14" என்று எங்கள் மனையைச் சொன்ன பதிவு எழுபத்து சொச்சத்தில் கிடைத்தது. 1994 கிரயம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை என்றால் அந்த ஆள்தான் இன்னும் உரிமையாளர் என்று நினைத்துவிடக் கூடாது. பதிவானது மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். உரிமையாளர் இறந்ததோ, பதியாத உயிலோ அதில் தெரியாது. முகவரியும் இருக்காது. அதற்குப் பத்திர நகல் வேண்டும். பக்கத்து மனைக்காரன் கேட்டால் கொடுப்பார்களா என்று நான் தயங்கினேன். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் எண் புத்தகத்தை யாரும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். வில்லங்கத்தில் உள்ள ஆவண எண்ணையும் வருஷத்தையும் கொடுத்து அதே தளத்தில் மனு போடலாம்.

நகல் வந்தது. முகவரி பெரம்பூர் பக்கம் ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ். 1994-ல் இருந்தவரை அங்கே இப்போது யாருக்குத் தெரியும்? மடித்து வைக்கப் போனவன் சும்மா கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்து இரண்டு. இரண்டாவது பெயர் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு மாமாவுடையது.

நகலோடு போய் நின்றேன்.

"மாமா, இது உங்க கையெழுத்தா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அட, ரயில்வேல ஒரே ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்தோம்பா. ஆறு பேரா சேர்ந்து வாங்கினோம். அவன் மனை பின் தெருவுலல்ல? அதையும் எப்பவோ வித்துட்டான்னு நினைச்சேன்."

இதே மாமாவிடம் "அந்தக் காலிமனை யாருது?" என்று நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியது மனையைப் பற்றி இல்லை, உங்களோடு சேர்ந்து யார் யார் வாங்கினார்கள் என்று. அந்தக் காலத்து லேஅவுட்டுகளில் ஒரே ஆபீஸ்காரர்கள் கூட்டாக வாங்கியது சகஜம்.

மாமாவே ரிட்டயர்டு ஆட்கள் நாலு பேருக்குப் போன் போட்டு, நண்பர் இறந்துவிட்டார், மகள் பெங்களூரில் இருக்கிறார் என்று விசாரித்து, மகளின் நம்பரை வாங்கித் தந்தார். நான் கூப்பிட்டதும் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை, "விக்கிற ஐடியா இல்ல சார்." புரோக்கர் என்று நினைத்துவிட்டார். போனை மாமாவிடம் கொடுத்த பிறகுதான் குரல் இறங்கியது. அப்பாவின் மனை எந்த இடம் என்றே அவருக்குத் தெரியாதாம். யாராவது ஆக்கிரமித்திருப்பார்களோ என்ற பயத்தில் வந்து பார்க்கவே இல்லையாம். அதனால் முதல் போனில் குப்பையைப் பற்றிச் சண்டை பிடிக்காதீர்கள். "உங்கள் இடம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் இப்படிக் கிடக்கிறது" என்று இரண்டு போட்டோ அனுப்புங்கள்.

ஆளே கிடைக்கவில்லை என்றாலும் சுகாதாரப் புகாருக்கு உரிமையாளர் பெயர் தெரிய வேண்டியதில்லை. தேங்கின தண்ணீர், கொசு, கழிவு என்று தேதியோடு போட்டோ வைத்து உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். போனில் புகார் சொல்ல, சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913, மற்ற ஊர்களுக்கு 'முதல்வரின் முகவரி' துறையின் உதவி எண் 1100. 1939-ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டப்படி நோட்டீஸ் விடுகிற அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. பொறுமை இழந்து நீங்களே ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம். அடுத்தவர் இடத்தில் அனுமதியில்லாமல் இறங்கினால், நாளைக்கு ஆக்கிரமிக்கப் பார்த்தான் என்று உங்கள் மேலேயே புகார் திரும்பும். கண்டுபிடித்த பெயரையும் நம்பரையும் தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் போடாதீர்கள்.

மாசியில் அந்தப் பெண் வந்தார். ஜேசிபி முள்ளை வாரியபோது வடகிழக்கு மூலையில் எல்லைக்கல் தெரிந்தது. மாமா குனிந்து கையால் மண்ணைத் தட்டிவிட்டு, "உங்கப்பாவும் நானும் நட்டதும்மா" என்றார். இப்போது கல்தூண் நட்டுக் கம்பிவேலி போட்டாயிற்று.

கோழிக்கழிவு மூட்டை பின் தெருக் காலிமனைக்குப் போய்விட்டது. அங்கே இருப்பவர்கள் போன வாரம் என்னைத் தேடி வந்தார்கள். மனை எண் 31. வில்லங்கத்தில் ஆவண எண் கிடைத்துவிட்டது, நகலுக்கு மனு போட்டிருக்கிறோம்.