சட்டம் கேளுங்கள்: பேருந்துக்குக் காத்திருந்த யிங்யிங்

சென்ற இதழில், கடத்திக் கொல்லப்பட்ட இல்லினாய் பல்கலைக்கழகத்துச் சீன மாணவியின் வழக்கைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. பெரும்பாலும் பெண் பிள்ளைகளை இங்கே அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியவர்களும் அனுப்பப் போகிறவர்களும் எழுதியவை. எனவே இந்த இதழ் முழுக்க அந்த ஒரு வழக்குதான்.

"மேடம், என் மகளுக்கு அர்பானா-ஷாம்பேனில் எம்.எஸ். சேர இடம் கிடைத்திருக்கிறது. கேட்டவர்கள் எல்லோரும் அந்தச் சீனப் பெண்ணின் கதையைச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைக்கிறார்கள். உண்மையில் நடந்தது என்ன? கொலை வழக்கை மாநில அரசுதானே நடத்தும், இதில் மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட் எப்படி வந்தது?" - சிகாகோ பக்கத்திலிருந்து ஒரு தந்தை

வணக்கம் ஐயா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

யிங்யிங் ஜாங். வயது 26. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் நான்பிங் ஊர்க்காரர். அப்பா வண்டி ஓட்டிப் பிழைப்பவர். முதுகலை முடித்துவிட்டு 2017 ஏப்ரலில்தான் இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானாவுக்கு வந்தார். பயிர்களின் ஒளிச்சேர்க்கை பற்றி ஆராய்ச்சி. ஜூன் 9, வெள்ளிக்கிழமை. புது வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடக் கிளம்புகிறார். ஒரு பேருந்திலிருந்து இறங்கி அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கை காட்டியும் அந்தப் பேருந்து நிற்கவில்லை. நேரமாகிவிட்டது, தாமதமாக வருகிறேன் என்று அந்த வாடகை வீட்டு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, நடந்துபோய் குட்வின் அவென்யூவும் கிளார்க் தெருவும் சேரும் நிறுத்தத்தில் நிற்கிறார். பிற்பகல் 2 மணி தாண்டிச் சில நிமிடங்கள். கறுப்பு நிற சாட்டர்ன் ஆஸ்ட்ரா கார் ஒன்று அவர் அருகில் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவனோடு சிறிது நேரம் பேசுகிறார், ஏறிக்கொள்கிறார். எல்லாம் பக்கத்துக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அந்த நிறுத்தத்தில் நானும் ஒரு ஜூன் மாதம் போய் நின்று பார்த்தேன். ஒதுக்குப்புறம் இல்லை, இருட்டும் இல்லை. பட்டப்பகல், கல்லூரிக் கட்டடங்கள், போகிற வருகிற வண்டிகள். பேருந்தைத் தவறவிட்ட எந்தப் பிள்ளையும் நிற்கக்கூடிய இடம்.

கேமராவில் நம்பர் பிளேட் தெரியவில்லை. அந்தக் கவுண்டியில் (மாவட்டத்தில்) பதிவான நான்கு கதவு ஆஸ்ட்ராக்கள் மொத்தம் 18. போலீஸ் ஒவ்வொன்றாகத் தேடிப்போனது. பிரென்ட் கிறிஸ்டென்சன் என்பவனின் வீட்டுக்கும் போனது. அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவன் அவன். அன்றைக்கு என்ன செய்தேன் என்று நினைவில்லை என்றான். வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். பிறகு ஒரு துப்பறிவாளர் அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், முன்பக்கத்து வலது சக்கரத்தின் வீல் கப்பில் ஒரு விரிசல் தென்பட்டது. மறுபடி போய்ப் பார்த்தால் கிறிஸ்டென்சனின் காரில் அதே சக்கரத்தில் அதே விரிசல். காரைச் சோதித்தவர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள்: முன்பக்கத்து வலது கதவு மட்டும் மற்றக் கதவுகளைவிடக் கூடுதல் அக்கறையோடு துடைக்கப்பட்டிருந்தது. இப்போது அவன் கதையை மாற்றினான். ஆமாம், ஒரு பெண்ணை ஏற்றினேன், வழி தவறித் திரும்பியதில் அவள் பதறினாள், சில தெரு தள்ளி இறக்கிவிட்டேன் என்றான். இந்தப் பொய்க்கும் பின்னால் தனிக் குற்றச்சாட்டு விழுந்தது.

ஜூன் 29 அன்று யிங்யிங்குக்காகப் பல்கலைக்கழகத்தில் ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. மகள் உயிரோடு கிடைப்பாள் என்று நம்பிச் சீனாவிலிருந்து வந்திருந்த அப்பா அங்கே இருந்தார். கிறிஸ்டென்சனும் அந்தக் கூட்டத்தில் நடந்தான். உடன் நடந்த தோழி எஃப்.பி.ஐ.க்காக உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. செய்ததை அவன் வாயாலேயே சொன்னான். மறுநாள் கைது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1932-இல் விமானி லிண்ட்பர்க்கின் கைக்குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது. நாடே கொதித்தது. அந்த ஆண்டே ஆள்கடத்தலை ஃபெடரல் குற்றமாக்கும் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அதன் ஆணிவேர் மாநில எல்லைதான். கடத்தப்பட்டவரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் வழக்கு வாஷிங்டனுடையது. 2003-இல் வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழக மாணவி ட்ரூ ஷடீனை ஒரு வணிக வளாகத்து வாகன நிறுத்துமிடத்தில் ஒருவன் கடத்தினான். அடுத்த ஏப்ரலில் பனி உருகியபின் மினசோட்டாவில் உடல் கிடைத்தது. எல்லை தாண்டியதால் அது ஃபெடரல் வழக்கானது. பாலியல் குற்றவாளிகளைத் தேடிப் பார்க்கும் தேசிய இணையதளத்துக்கு இன்று அந்தப் பெண்ணின் பெயர்தான்.

யிங்யிங்கை அவன் எல்லை தாண்டிக் கொண்டுபோகவே இல்லை. ஆனால் 2006-இல் சட்டத்தை விரிவாக்கிவிட்டார்கள். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்குப் பயன்படும் சாதனம் எதையாவது கடத்தலுக்குப் பயன்படுத்தியிருந்தாலே போதும். கிறிஸ்டென்சன் மீதான குற்றப்பத்திரிகையில் அந்தச் சாதனம் என்னவென்று எழுதியிருக்கிறது: ஒரு மோட்டரோலா செல்போன், ஒரு சாட்டர்ன் ஆஸ்ட்ரா. அவ்வளவுதான். போன் இல்லாமல், கார் இல்லாமல் இந்தக் காலத்தில் யார் யாரைக் கடத்துகிறார்கள்? மாநிலமே நடத்தியிருக்க வேண்டிய வழக்கு என்று எதிர்த் தரப்பு வாதாடியது, எடுபடவில்லை.

ஃபெடரல் வழக்கானதற்கு ஒரு பெரிய விளைவு உண்டு. இல்லினாய் மாநிலம் 2011-இல் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. ஃபெடரல் சட்டத்தில் அது இருக்கிறது. 2018 ஜனவரியில் அரசுத் தரப்பு அதைக் கோரியது.

மகளை அனுப்புங்கள் ஐயா. என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பதற்குக் கடைசிக் கடிதத்தைப் படியுங்கள்.

"யாராவது காணாமல் போனால் 24 மணி நேரம் கழித்துத்தான் போலீசில் புகார் கொடுக்க முடியுமாமே, உண்மையா அக்கா?" - ஒரு மாணவி

இல்லவே இல்லை கண்ணு. இந்த வதந்தி எத்தனை பேரைத் தேட வேண்டிய முதல் சில மணி நேரத்தை வீணாக்கியிருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

24 மணி நேரம் என்ற சொல் ஃபெடரல் கடத்தல் சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் வேறு வேலைக்கு. கடத்தப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் விடுவிக்கப்படாவிட்டால், அவரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோயிருக்கலாம் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அந்த நேரம் முடியும் முன்பே விசாரணை தொடங்கத் தடையில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் புகார் வந்தவுடன் தாமதிக்காமல் தேசியத் தகவல் தொகுப்பில் பதிய வேண்டும். 1998-இல் காணாமல் போன நியூயார்க் மாணவி ஒருவரின் பெற்றோர் விடாமல் போராடி, 2003-இல் வந்த சட்டம் அது.

யிங்யிங்கின் நண்பர்கள் காத்திருக்கவில்லை. அன்றிரவே புகார் போய்விட்டது. அதனால்தான் கேமராப் பதிவுகள் கைக்குக் கிடைத்தன.

"அவனுடைய வக்கீலே முதல் நாள் எழுந்து 'ஆமாம், இவன்தான் கொன்றான்' என்று சொன்னாராம். அப்புறம் ஏன் தூக்கில் போடவில்லை? சட்டம் பணக்காரன் பக்கமா?" - கொதிப்போடு ஒரு வாசகர்

உங்கள் கொதிப்பு நியாயமானது. ஆனால் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவனுக்காக வாதாடியவர்கள் பொதுச் செலவில் நியமிக்கப்பட்ட வக்கீல்கள்.

மரண தண்டனை கோரப்பட்ட ஃபெடரல் வழக்கு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் குற்றவாளியா இல்லையா, பிறகு அதே 12 ஜூரிகள் (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) முன்னால் மரணமா ஆயுளா. பியோரியா நகரத்து நீதிமன்றத்தில் 2019 ஜூன் 12 அன்று வழக்கு தொடங்கியபோது முதல் கட்டத்தில் தோற்பது உறுதி என்று அந்த வக்கீல்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவு இருக்கிறது, ரத்தத் தடயம் இருக்கிறது. மறுத்துப் பேசி ஜூரிகளின் நம்பிக்கையை இழந்துவிட்டால், இரண்டாம் கட்டத்தில் அவர்கள் சொல்வதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? அதனால் கொலையை ஒப்புக்கொண்டு உயிருக்காக மட்டும் வாதாடினார்கள். ஜூன் 24 அன்று குற்றவாளி என்று முடிவு செய்ய ஜூரிகளுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாம் கட்டத்தில் யிங்யிங்கின் வீட்டார் பேசினார்கள். மகளைத் திருமணக் கோலத்தில் பார்க்கக் காத்திருந்த அம்மா பேசினார். ஜூலை 18 அன்று ஜூரிகள் வெளியே வந்து, ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை என்றார்கள். மரண தண்டனைக்கு 12 பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தாலும் இல்லை. இந்தக் குற்றத்துக்கு அடுத்தபடி ஆயுள் தண்டனைதான், நீதிபதி குறைக்க முடியாது. ஃபெடரல் சிறையில் பரோல் என்ற பேச்சே 1987 நவம்பருக்குப் பிறகான குற்றங்களுக்குக் கிடையாது. அவன் சிறையிலேயே சாவான்.

ட்ரூ ஷடீன் வழக்கில் ஜூரிகள் மரணம் என்றே சொன்னார்கள். 2021-இல் அது ரத்தானது, 2023-இல் அரசு கோரிக்கையைக் கைவிட்டது, முடிவில் அந்தக் கடத்தல்காரனுக்கும் ஆயுள்தான். இடையில் அந்தக் குடும்பம் 16 ஆண்டுகள் மேல்முறையீட்டுத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. யிங்யிங்கின் அப்பா மரண தண்டனையைத்தான் கேட்டார், அவர் கேட்டதில் தவறில்லை. ஆனாலும் அன்றே முடிந்த வழக்கு அவரை அந்த அலைச்சலிலிருந்தாவது விட்டது என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"உடலே கிடைக்காமல் கொலை என்று எப்படி நிரூபிக்க முடியும்?" - சட்டம் படிக்கும் ஒருவர்

சூழ்நிலைச் சாட்சியங்களால் முடியும். அவன் வீட்டுப் படுக்கையறையில் மெத்தையில், தரைவிரிப்பில், பேஸ்பால் மட்டையில் யிங்யிங்கின் மரபணு கிடைத்தது. ஒலிப்பதிவில் அவன் சொன்னதும் இவையும் ஒத்துப்போயின. போதும்.

"அந்தத் தாய்க்குப் பிள்ளையின் எலும்பாவது கிடைத்ததா?" - ஓர் அம்மா

இல்லை அம்மா. வழக்கு முடிந்த பிறகுதான் உடல் என்ன ஆனது என்பதைக் குடும்பத்தின் வக்கீல் வெளியே சொன்னார். அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையில் எதிர்த் தரப்பு கொடுத்த தகவல் அது. உடலை மூன்று பைகளில் கட்டி அடுக்குமாடி வீட்டின் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறான். குப்பை லாரி வந்து அள்ளி அழுத்திக் கொண்டுபோய், வெர்மிலியன் கவுண்டியில் ஒரு குப்பைக் கிடங்கில் கொட்டியிருக்கிறது. உண்மை தெரியவந்தபோது அதன்மேல் 30 அடிக்குக் குப்பை ஏறியிருந்தது. எங்கே தோண்டுவது என்பதும் துல்லியமாகத் தெரியாது. மகளை வீட்டுக்குக் கூட்டிப் போகாமல் திரும்ப மாட்டேன் என்று வந்தவர் அந்த அப்பா. வெறுங்கையோடு போனார். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

"மூன்று வாரத்துக்கு முன்னால் நான் நடந்து போகும்போது ஒருவர் காரை நிறுத்தி, தான் சாதாரண உடையில் இருக்கும் போலீஸ் என்றும், விசாரிக்க வேண்டும், ஏறு என்றும் சொன்னார். நான் ஓடிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லையே என்று யாரிடமும் சொல்லவில்லை. அது சாம்பல் நிற கார், பின்பக்கம் இடது ஓரம் நசுங்கியிருந்தது. இப்போது சொன்னால் ஏன் முதலில் சொல்லவில்லை என்று திட்டுவார்களா அக்கா? விசாவுக்கு எதுவும் ஆகுமா?" - பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி

உன் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில் வைத்தேன்.

யிங்யிங் கடத்தப்பட்ட அதே நாள் காலையில், அதே ஊரில், இன்னொரு மாணவியிடம் கிறிஸ்டென்சன் காரை நிறுத்தியிருக்கிறான். தான் மாற்றுடையில் இருக்கும் போலீஸ் என்று ஏதோ ஒரு பேட்ஜைக் காட்டி ஏறச் சொன்னான். அந்தப் பெண் மறுத்துவிட்டார், போலீசுக்கும் சொன்னார். அவருக்கும் அன்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பியோரியாவில் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று நடந்ததைச் சொன்னவர் அவர்.

திட்ட மாட்டார்கள். புகார் கொடுத்த குற்றத்துக்காக யாருடைய விசாவையும் ரத்து செய்வதில்லை. உண்மையான அதிகாரி வழியில் நிறுத்தினாலும் காரில் ஏறும் முன் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டு, இங்கே இப்படி ஒருவர் நிற்கிறார், உங்கள் ஆளா என்று கேட்கலாம். அதற்கு அவர் கோபப்பட்டால் அதுவே பதில்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தோழியைக் கூட்டிக்கொள். மூன்று வாரம் ஆகிவிட்டது என்று யோசிக்காதே. இன்றைக்கே வளாகப் போலீசுக்குப் போ. நாள், நேரம், தெரு, அவன் சொன்ன சொற்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. நசுங்கிய இடது ஓரத்தை முதல் வரியில் எழுது.